சின்னவனிடம் சொல்லி அனுப்பியது

பல் டாக்டர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை நாயைக் குளிப்பாட்டுவார்கள். அந்த நேரத்தில் சுவருக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்பவருக்கு, உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் மட்டும் வாயே திறப்பதில்லை, மற்ற இருவரும் அவரைத்தான் போட்டு விரட்டுகிறார்கள் என்று தோன்றும்.

"சின்னவனே, தண்ணி இன்னும் சூடா இருக்குன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு."

"சின்னவனே, கைய விட்டுப் பாத்துட்டேன், வெதுவெதுன்னுதான் இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு."

"அவர் கைக்கு வெதுவெதுன்னுதான் இருக்கும். காலமெல்லாம் கையுறைக்குள்ள கிடந்த கை. உன் தோல் தாங்குமான்னு கேளு."

"சரி, ஒரு குவளை பச்சத்தண்ணி ஊத்திக்கச் சொல்லு."

சின்னவன் எதையும் யாரிடமும் சொல்லாது. அது நாய். பேசுகிறவர் பக்கம் தலையைத் திருப்பும், பிறகு பதில் சொல்கிறவர் பக்கம் திருப்பும். அதன் வேலை அவ்வளவுதான். அந்த வேலையை அது ஆறு வருஷமாக ஒரு நாள் லீவு போடாமல் பார்த்துவந்தது.

இதைக் கேட்டு, இந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. பேச்சுதான் திரும்பி வரவில்லை.

டாக்டரின் மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுன்ட்டரில் இருந்தவர். ஊரில் எந்தக் குழாய் வெடித்தாலும் முதல் திட்டு அவருக்குத்தான். இருந்த காலம் முழுக்க எல்லாரும் அவரைப் புகாரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு விழா வைத்தார்கள். குடும்பத்துக்கென்று மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். டாக்டருக்குப் போட்ட நாற்காலி விழா முடியும்வரை காலியாகவே இருந்தது. அவர் கிளினிக்கில் ஒருவருடைய கடைவாய்ப் பல்லைத் திறந்து வேர்ச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். திறந்த பல்லைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்பது அவர் கட்சி. அது நியாயம்தான், வினையே அதுதான். அவர் பக்கம் தப்பு இருந்திருந்தால் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு விஷயம் முடிந்திருக்கும்.

அன்று மாலை புகாரம்மா பரிசாகக் கிடைத்த சுவர்க் கடிகாரத்தோடு வீட்டுக்கு வந்து, மகனைக் கூப்பிட்டு, "சாப்பாடு மேஜைல இருக்குன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு" என்றார். கோபத்தில் யாரும் செய்வதுதான். மறுநாளும் அப்படியே போனது. அதற்கடுத்த வாரம் கோபம் முழுசாக ஆறிவிட்டது. ஆனால் யார் முதலில் பேசுவது என்ற இடத்தில் வண்டி வந்து நின்றது, நின்றது நின்றதுதான். மகன் கொஞ்ச காலம் இங்கும் அங்கும் தூது போய்ப் பார்த்தான். பிறகு அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. தானாகக் கிடைத்ததா, இவன் தேடிப் பிடித்துக்கொண்டானா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் விட்டு, "உங்களுக்குத் துணைக்கு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து, ஒரே பிள்ளையாக இருந்தவன் பெரியவன் ஆனான். குட்டி சின்னவன் ஆனது.

சின்னவனுக்கு வெள்ளையும் பழுப்புமாக நீள முடி. காது இரண்டும் தொங்கும். என்ன ஜாதி என்று கேட்டால் பெரியவன் வாங்கும்போது ஒன்று சொன்னான், வளர்ந்த பிறகு வேறு ஒன்றாகத் தெரிந்தது. அதற்கு ஒரு குணம் இருந்தது. பேச்சுக் குரல் கேட்டால் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். அதை வைத்துத்தான் அந்த வீடு ஓடியது. மோட்டர் போட்டது, மின்சாரம் போனது, பால் புளித்தது எல்லாம் சின்னவன் மூலமாகத்தான் போய்ச் சேரும். பெரியவன் கல்யாணப் பேச்சே சின்னவன் மூலமாகத்தான் முடிந்தது. பெண் வீட்டார் வந்திருந்தபோது, மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் நாயைப் பார்த்தே பேசுவதைக் கண்டு, பாசமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

ஒருமுறை தடுப்பூசிக்குப் போன இடத்தில் நாய் டாக்டர், இந்த மாதிரி நாய்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும் என்றார். மற்றவர்கள் காதில் அது நல்ல செய்தியாக விழுந்திருக்கும். பல் டாக்டர் அங்கேயே விரல் விட்டு மீதி வருஷத்தை எண்ணினார். இது போய்விட்டால் இந்த வீட்டில் யார் யாரிடம் பேசுவது? அதே கவலை புகாரம்மாவுக்கும் இருந்திருக்க வேண்டும், வீடு வரும்வரை அவரும் நாயின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு கவலையை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வழியில்லை. சொல்வதென்றால் நாயிடம் அல்லவா சொல்ல வேண்டும்.

ஆகவே இருவரும் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதன் உடம்பைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். முடி, தோல், நகம், குளியல் எல்லாம் புகாரம்மா பங்கு. காது, கண், பல் மூன்றும் டாக்டர் பங்கு. வயிறு பொதுச் சொத்து.

புகாரம்மா தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே சீப்பைப் போட்டுவிடுவார். சிக்கோடு நனைத்தால் அது கயிறு மாதிரி இறுகிவிடும், அப்புறம் கத்தரிக்கோல்தான் கதி. காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில் என்று சிக்கு ஒளிந்துகொள்ளும் இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். கால் விரல் இடுக்கில் உண்ணி இருந்தால் கிளினிக்கிலிருந்து வந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக இழுத்து எடுப்பார். நகம் வெட்டுவதில்தான் அவருக்குப் பயம். சின்னவனுக்குக் கறுப்பு நகம், உள்ளே ரத்த நரம்பு எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. ஒருதரம் கொஞ்சம் கூடுதலாக வெட்டி ரத்தம் வந்துவிட்டது. அன்று அந்த வீட்டில் நாய் மட்டும்தான் சாப்பிட்டது. அதற்குப் பிறகு நுனி நுனியாக, நகம் வெட்டுகிறாரா அரம் போடுகிறாரா என்று தெரியாத அளவுக்குச் சீவுவார்.

டாக்டர் குளியலுக்கு முன் காதில் பஞ்சு வைப்பார், குளித்த பின் எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற மட்டும் ஈரப் பஞ்சால் துடைப்பார். உள்ளே குடைய மாட்டார். காதை மோந்து பார்ப்பார். புளித்த வாடை வந்தால் அன்றே நாய் டாக்டருக்குப் போன் போகும். மாதம் ஒருதரம் எடை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தான் மட்டும் ஏறி, கழித்துப் பார்ப்பது வழக்கம். முதலில் புகாரம்மாதான் தூக்குவதாக இருந்தது. "சின்னவனே, என் எடை உங்க அப்பாவுக்கு எதுக்குன்னு கேளு" என்று ஒரு கேள்வி வந்தது. அன்றிலிருந்து டாக்டரே தூக்குகிறார். ஒரு மாதம் அவர் தனியாக ஏறாமல் தன் பழைய எடையையே கழித்ததில் சின்னவன் திடீரென்று கொழுத்துவிட்டதாகக் கணக்கு வந்து, அதன் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் தனியாக ஏறிப் பார்த்தபோதுதான் கொழுத்தது யார் என்று தெரிந்தது.

எல்லாம் சரியாக நடந்தது. பல் மட்டும்தான் நடக்கவில்லை.

டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தால் ஊரில் யாருக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். போலீஸ்காரர் திறப்பார், வக்கீல் திறப்பார். அழுதுகொண்டே வரும் குழந்தைகளும் திறக்கும், அழத் திறந்த வாய்தானே. சின்னவன் மட்டும் அவர் கையைப் பார்த்ததும் தாடையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கும். விரலில் ஈரத் துணியைச் சுற்றி, உதட்டைத் தூக்கி, வெளிப்பக்கம் மட்டும் இரண்டு இழுப்பு இழுப்பார். உள்பக்கத்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. போன தடுப்பூசியின்போது நாய் டாக்டர் கடைவாய்ப் பல்லில் படிந்த மஞ்சள் காரையைக் காட்டி, "நாய்க்குன்னே பேஸ்ட் இருக்கு டாக்டர், கோழி வாசம் வரும், அதுங்களுக்குப் பிடிக்கும்" என்றார். நாய் டாக்டராக இருக்கும் அந்தப் பெண் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் பல்லுக்குக் கம்பி போட்டவரே இவர்தான். தன் கையால் வரிசைப்படுத்திய பல்லிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோழி வாசம் போவதற்குத்தானே பல் விளக்குவது! பேஸ்ட் வாங்காமலே வந்துவிட்டார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, மாலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சின்னவன் ஒரு கொட்டாவி விட்டது. புகாரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சின்னவனே, உங்க அப்பா ஊர் வாயெல்லாம் தேடித் தேடிப் பாக்குறாரு. வீட்டுல இருக்குற வாய் மட்டும் கண்ணுக்குத் தெரியலையான்னு கேளு."

டாக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. இதில் புகாரம்மா நாயின் வாயை மட்டும்தான் சொன்னாரா என்றும் ஒரு சந்தேகம். சந்தேகத்தைக் கேட்டுத் தெளிவதற்கு நடுவில் நாய் உட்கார்ந்திருந்தது. அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளினிக்கிலிருந்து ஒரு புதுப் பேஸ்ட்டைக் கொண்டுவந்தார். மருந்துக் கம்பெனிக்காரர் மாதிரிக்குக் கொடுத்தது. பல் விளக்க அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கு என்று சர்க்கரை இல்லாமலே இனிக்கும்படி செய்திருந்தார்கள். குளியல் முடிந்து, துவட்டி, புகாரம்மா ஈரத் துண்டுகளைக் காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, டாக்டர் சின்னவனைப் பின்வாசலில் உட்கார வைத்து விரலில் கொஞ்சம் பேஸ்ட்டைப் பிதுக்கி மூக்குக்கு நேராகக் காட்டினார்.

சின்னவன் மோந்தது. நக்கியது. யோசித்தது. பிறகு வாயைத் திறந்தது.

டாக்டர் அசந்துபோனார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அது தானாக வாயைத் திறந்து காட்டுகிறது. பிரஷ்ஷை உள்ளே விட்டுக் கடைவாய், உள்பக்கம், ஈறு ஓரம் என்று ஒரு இடம் விடாமல் தேய்த்தார். தேய்த்து முடித்து, வாழ்நாள் பழக்கத்தில், "துப்பு" என்றார். சின்னவன் விழுங்கியது. மறுபடியும் வாயைத் திறந்தது. அவர் மறுபடியும் பிதுக்கி, மறுபடியும் "துப்பு" என்றார். அதற்குமேல் அது பல் விளக்கலாக இல்லை, வேறு என்னவோ ஆகிவிட்டது. அது திறக்கத் திறக்க அவர் பிதுக்கினார். தன்னைப் பார்த்து ஒரு வாய் இவ்வளவு ஆசையாகத் திறந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தார். டியூப் தட்டையாகிப் பாதிக்கு வந்த பிறகுதான் நிறுத்தினார்.

"போ, அம்மாகிட்ட பல்லைக் காட்டு," என்று அனுப்பிவைத்தார்.

சின்னவன் போய்க் காட்டியது. "பரவால்ல, இன்னிக்குத்தான் விடிஞ்சிருக்குன்னு சொல்லு" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. டாக்டர் பேப்பரை விரித்து உட்கார்ந்து, ஒரு வரியும் படிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் போயிருக்கும். சின்னவன் கூடத்துக்கு வந்தது. நடை சரியில்லை. பின்னங்கால் ஒரு பக்கம் போனது, முன்னங்கால் இன்னொரு பக்கம் போனது. மிதியடியில் வாந்தி எடுத்தது. மன்னிப்புக் கேட்பது போல இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது.

"சின்னவனே! என்னடா ஆச்சு? அப்பா உனக்கு என்ன குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கலைன்னு சொல்லு, சின்னவனே. சின்னவனே…"

சின்னவன் யார் பக்கமும் தலையைத் திருப்பவில்லை. இரண்டு பேரும் நாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்டி போட்டு உட்கார்ந்து, அடுத்த வார்த்தையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். புகாரம்மாதான் முதலில் எழுந்து டாக்ஸிக்குப் போன் செய்தார்.

டாக்ஸியின் பின் சீட்டில் இருவர் மடியிலுமாக அதைப் படுக்க வைத்தார்கள். தலை டாக்டர் பக்கம், வால் புகாரம்மா பக்கம்.

"டிரைவர் தம்பி, தலைய கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. மூச்சு முட்டப்போகுது."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "யாரம்மா?"

"அவரத்தான்."

"சார், தலையத் தூக்கிப் பிடிப்பீங்களாம்."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க தம்பி."

"பிடிச்சிருக்காராம்மா." டிரைவர் மறுபடியும் கண்ணாடியில் பார்த்தார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். இரண்டு பேரும் நாயைப் பார்க்கவே, வண்டியை வேகமாக விட்டார்.

நாய் டாக்டரின் இடத்தில் பெஞ்சில் ஒருவர் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்கள் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்துத் தன் முறையை விட்டுக்கொடுத்து, "முதல்ல நீங்க போங்க சார்" என்றார்.

உள்ளே எஃகு மேஜை. நாய் டாக்டர் சின்னவனின் ஈறை அழுத்திப் பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார்.

"சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருக்கு. என்ன சாப்பிட்டது?"

"வழக்கமானதுதான்," என்றார் பல் டாக்டர்.

"வழக்கமானதுக்கு இப்படி ஆகாது டாக்டர். என்ன சாப்பிட்டதுன்னு தெரியணும். தெரியாம வைத்தியம் பண்ணா நேரம்தான் போகும். அதுகிட்ட அவ்வளவு நேரம் இல்ல."

புகாரம்மா புருஷன் பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தப் புகார் நிஜம், எது ஜோடனை என்று பார்த்த கண். பல் டாக்டர் சட்டைப் பையில் கைவிட்டு அந்த டியூபை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பல் விளக்கினேன்."

நாய் டாக்டர் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார். முகம் மாறியது. "இதுல இனிப்புக்குப் போட்டிருக்கிறது மனுஷங்களுக்கு ஒண்ணும் செய்யாது. நாய்க்கு விஷம். சர்க்கரையச் சட்டுனு இறக்கிடும், ஈரலையும் கெடுக்கும். எவ்வளவு போச்சு உள்ள?"

"ஒரு பட்டாணி அளவு," என்றார் பல் டாக்டர். எல்லா நோயாளிகளுக்கும் அவர் சொல்கிற அளவு அது. சொன்ன பிறகு டியூபைப் பார்த்தார். அது பாதிக்குமேல் சப்பையாகக் கிடந்தது. "இல்ல. பாதி டியூப்."

"பாதி டியூப் பேஸ்ட்டா! அது விழுங்கும்னு தெரியாதா டாக்டர்?"

"துப்பச் சொன்னேன்."

நாய் டாக்டர் ஊசியை உடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "நாய்கிட்டயா?"

"ரெண்டு தடவை சொன்னேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அது என்னைப் பாத்து வாயைத் திறந்துச்சு டாக்டர். இத்தனை வருஷத்துல முதல் தடவை. எனக்கு நிறுத்தத் தோணல."

நாய் டாக்டர் டியூபை ஓரமாக ஒதுக்கினார். முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து நரம்பைப் பிடித்து, ஊசி வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார். பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டு விழுவதைச் சரி பார்த்தார்.

"இனி மெல்லத்தான் ஏறும். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே இருங்க. காது அசையுதா, கண் தொறக்குதான்னு பாருங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. பழகின குரல் கேட்டா அரண்டு ஊசிய இழுத்துப் போடாது."

அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் பல் டாக்டர், அந்தப் பக்கம் புகாரம்மா. நடுவில் சின்னவன், நாக்கு ஓரமாக வெளியே கிடக்க.

பேச்சுக் கொடுக்க வேண்டும். என்ன பேசுவது? ஆறு வருஷமாக அதனிடம் பேசாத நாள் கிடையாது. ஆனால் அதனிடம் அதைப் பற்றிப் பேசிய நாள் என்று ஒன்று ஞாபகத்துக்கு வரவில்லை. பல் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"சின்னவனே… மோட்டரை நிறுத்தாம வந்துட்டோம்னு அம்மாகிட்ட சொல்லு."

காது லேசாக அசைந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"நான் நிறுத்திட்டுத்தான் வந்தேன்னு சொல்லு, சின்னவனே," என்றார் புகாரம்மா அவசரமாக. மறுபடியும் அசைந்தது.

"பின்வாசல் கதவு?"

"சாத்தியாச்சு. மாடியில துண்டு காயுது. மழை வந்தா நனையும். நனைஞ்சா நனையட்டும்னு சொல்லு."

"சொல்லு, மறுபடி காயப்போட்டுக்கலாம்னு."

இப்படியே வீட்டில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பேசினார்கள். பெரியவனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னார், இப்போது வேண்டாம், பதறுவான் என்று மற்றவர் சொன்னார். பேசப் பேச விஷயம் தீர்ந்துகொண்டே வந்தது. ஒரு வீட்டில் பேசுவதற்கு இருப்பது இவ்வளவுதானா என்று பல் டாக்டருக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் பேச ஒன்றுமில்லாமல் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது அசையாமல் கிடந்தது.

"சின்னவனே," என்றார் அவர். "தப்பு என்னோடதுன்னு அம்மாகிட்ட சொல்லு."

"தெரியும்னு சொல்லு." புகாரம்மா நாயின் வயிற்று முடியில் இல்லாத சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். "சின்னவனே, நான் அன்னிக்கு அப்படிக் குத்திக் காட்டாம இருந்திருந்தா உங்க அப்பா அந்தப் பேஸ்ட்டத் தொட்டிருக்கவே மாட்டாரு. அதையும் சொல்லு."

"குத்திக் காட்டினது நியாயம்தான்னு சொல்லு. வாய் நாறத்தான் செஞ்சுது."

காது அசைந்தது. புகாரம்மாவின் மூக்கு சிவந்துவிட்டது. பல் டாக்டர் குனிந்து, அந்தத் தொங்கு காதைத் தூக்கி, அதற்குள் மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ போயிட்டா நான் அவகிட்ட எப்படிடா பேசுவேன்?"

காது கேளாதவர்கூடக் கேட்டிருப்பார், அத்தனை சின்ன அறை அது. புகாரம்மா எந்தப் பதிலும் சொல்லி அனுப்பவில்லை.

நாய் டாக்டர் வந்து மறுபடியும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்தார். "ஏறிடுச்சு. தப்பிச்சுட்டான். ரெண்டு மூணு நாள் இங்கேயே இருக்கட்டும், ஈரல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு அனுப்புறேன். இப்ப அவன் தூங்கணும். பேச்சுக் குடுத்தது போதும், நீங்க வெளிய போய் உக்காருங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு ஓரத்தில் பூனைக்காரர், கூடையை மடியில் வைத்தபடி. இந்தப் பக்கம் பல் டாக்டர், ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுப் புகாரம்மா. அந்த இடத்தில் யாரும் இல்லை. டாக்டர் இரண்டொரு முறை அந்த இடத்தைப் பார்த்தார். டாக்ஸியைக் கூப்பிடலாமா என்று கேட்க வேண்டும். இரவுக்கு என்ன என்று கேட்க வேண்டும். மூன்று நாள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளையும் எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

"ஏங்க."

டாக்டர் திரும்பவில்லை. இந்த மாதிரி இடத்தில் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

"ஏங்க, உங்களத்தான். காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலையே. பசிக்கலையா உங்களுக்கு?"

அவர் பழக்கத்தில் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். அங்கே தலையைத் திருப்ப ஒருவரும் இல்லை. கேள்வி யாரையும் தொடாமல் நேராக அவரிடமே வந்திருந்தது. பசிக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தோள் குலுங்கியது, கண்ணாடி நனைந்தது, ஒரு பல் டாக்டர் பொது இடத்தில் இத்தனை அகலமாக வாயைத் திறந்து அழுவதை அந்தப் பெஞ்சு அதுவரை பார்த்திருக்காது.

பூனைக்காரருக்கு மனசு தாளவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு எட்டி அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"அழாதீங்க சார். நாய்ங்க கெட்டி உசுரு. பொழச்சிக்கும்."

புகாரம்மா நடுவில் இருந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்துப் புருஷனிடம் நீட்டினார்.

"நாய் பொழச்சிடுச்சுங்க," என்றார் பூனைக்காரரிடம். "அவர் அதுக்கு அழல."